மருத்துவ மானிடவியல் யாரைப் படிக்கிறது?

மருத்துவ மானிடவியலை முதுகலையில் படிக்கப்போவதாக ஒரு மாணவரோ இளம் மருத்துவரோ சொன்னால், நம் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் இரண்டு விதமான மறுமொழிகள் வருகின்றன. முகத்துக்கு நேரே பேசுபவர்கள், "அதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். பரிவோடு பேசுபவர்கள் அந்தத் துறைக்கு ஒரு பயன் உண்டு என்று ஒப்புக்கொள்கிறார்கள். படிப்பறிவில்லாத மக்களிடமும் பழங்குடிகளிடமும் உள்ள மூடநம்பிக்கைகளைத் தெரிந்துகொண்டால், ஊசிக்கும் மாத்திரைக்கும் அவர்களை இணங்கவைக்கலாம். அதற்கு இந்தப் படிப்பு உதவும் என்கிறார்கள். அதற்கு எதற்கு இரண்டு ஆண்டு, இரண்டு நாள் பயிற்சி முகாம் போதாதா என்ற கேள்வியும் உடனே வந்துவிடுகிறது. முதல் மறுமொழிக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் நியாயமான அச்சம் இருக்கிறது. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவதுதான் ஆபத்தானது. துறையை வரவேற்பதுபோல் வரவேற்று, அதற்கு உயிர்கொடுக்கும் கேள்வியை அது பறித்துவிடுகிறது.

மருத்துவம் சரியாகவே இருக்கிறது, மக்கள்தான் அதை ஏற்கத் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கத்தைக் களைவதே மானிடவியலின் வேலை என்ற இந்தக் கணிப்பு, துறையின் வரலாற்றோடு பொருந்தவில்லை. மருத்துவ மானிடவியல் உயிர்காத்த இடங்களைத் தேடிப் பார்த்தால், அங்கெல்லாம் மருத்துவம் தன்னிடமிருந்தே மறைத்துக்கொண்ட ஒன்றை அது கண்டுபிடித்திருக்கிறது. கிராமத்தைப் பார்க்கும் அதே கண்ணால் புறநோயாளிப் பிரிவையும், திட்ட அலுவலகத்தையும், ஆய்வாளரின் முன்முடிவையும் பார்க்கத் தெரிந்ததால்தான் அது முடிந்தது. அந்தப் பார்வை முகாமில் வருவதில்லை.

பப்புவா நியூகினியின் கிழக்கு மலைப்பகுதியில் ஃபோரே மக்களிடம் பரவிய குரு நோயை எடுத்துக்கொள்வோம். உடல் நடுங்கி, நடை தளர்ந்து, சில மாதங்களில் உயிர் பறிக்கும் நோய் அது. இறந்தவர்களில் பெரும்பான்மையினர் வயதுவந்த பெண்களும் இருபால் குழந்தைகளும். 1957இல் வின்சென்ட் ஜிகாஸும் கார்ல்டன் கஜ்டுசெக்கும் இதை மருத்துவ உலகுக்கு அறிவித்தபின், குடும்பம் குடும்பமாக வருவதால் இது மரபணு நோயாகத்தான் இருக்கவேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. 1961இல் அங்கே சென்ற மானிடவியலர்கள் ஷெர்லி லிண்டன்பாமும் ராபர்ட் கிளாஸும் ஊர் ஊராகப் போய் வம்சாவளிகளைக் குறித்தார்கள். முதல் நோயாளி யார், எந்த ஊரில், யாருடைய காலத்தில் என்று முதியவர்களிடம் கேட்டார்கள். மக்களின் நினைவு தெளிவாக இருந்தது. நோய் பழையதில்லை, வாழும் நினைவுக்குள் வடக்கிலிருந்து ஊர் ஊராக வந்து சேர்ந்தது. ஒரு சமூகத்தின் பெண்களை இவ்வளவு வேகமாகக் கொல்லும் மரபணு தலைமுறை தலைமுறையாக நீடித்திருக்கவும் முடியாது. அதோடு, ஃபோரே மக்கள் உறவினர் என்று சொன்னவர்களில் பலருக்கு ரத்தத் தொடர்பே இல்லை. மரபியலர்கள் வரைந்த குடும்ப மரங்கள் அங்கேயே ஆட்டம் கண்டன. இறந்த உறவினரை உண்ணும் சடங்கும் அண்மையில் வந்ததுதான், அதில் பங்கெடுத்தவர்கள் முக்கியமாகப் பெண்களும் குழந்தைகளும்தான் என்பதை அவர்கள் நிறுவினார்கள். 1966இல் குரு சிம்பன்சிக்குத் தொற்றும் என்பது சோதனையில் உறுதியானது. 1976இல் நோபல் பரிசு கஜ்டுசெக்குக்குப் போனது.

இங்கே காரணம் மக்களின் வழக்கம்தானே, அப்படியானால் வாதம் தலைகீழாகிறதே என்று ஒருவர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஃபோரே மக்கள் குருவுக்குச் சூனியத்தைக் காரணம் சொன்னார்கள், அது தவறு. மரபியலர்கள் மரபணுவைச் சொன்னார்கள், அதுவும் தவறு. யார் சொன்னாலும் விளக்கத்தையும் சான்றையும் பிரித்துப் பார்த்ததில்தான் லிண்டன்பாம், கிளாஸ் இருவரின் பங்களிப்பு இருக்கிறது. சூனியம் என்ற விளக்கத்தை ஏற்காமலேயே, அதைச் சொன்னவர்களின் நினைவை அவர்கள் நம்பகமான சான்றாகக் கொண்டார்கள். மூடநம்பிக்கை கொண்டவர் சொல்வதெல்லாம் மூடத்தனம் என்று ஒதுக்கியிருந்தால் அந்தத் தடயம் கிடைத்திருக்காது. மக்களைக் குற்றமற்றவர்களாகக் காட்டவேண்டிய கடமை இந்தத் துறைக்கு இல்லை. குற்றவாளி யார் என்று முன்கூட்டியே முடிவுகட்டாமல் இருக்கவேண்டிய கடமைதான் உண்டு.

நம் நாட்டுச் சான்று இன்னும் கூர்மையானது. 1950களின் இறுதியில் இந்தியா காசநோய்த் திட்டம் ஒன்றை வகுத்துக்கொண்டிருந்தது. கிராமத்து மனிதர் இருமலைப் பொருட்படுத்தமாட்டார், மருத்துவரிடம் வரமாட்டார், எக்ஸ்ரே வண்டியோடு அவரைத் தேடிப்போனால்தான் உண்டு என்பது அன்றைய பொதுக்கருத்து. மருத்துவராக இருந்து கார்னெல் பல்கலைக்கழகத்தில் மானிடவியலும் படித்த தேபாபர் பானர்ஜி, பெங்களூரின் தேசியக் காசநோய் நிறுவனத்தில் ஸ்டிக் ஆண்டர்சனோடு சேர்ந்து தும்கூர் மாவட்டக் கிராமங்களில் நோயாளிகளைச் சந்தித்தார். அந்த ஆய்வு 1963இல் வெளியானது. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தங்கள் அறிகுறிகளை அறிந்திருந்தார்கள், பெரும்பாலோர் கவலைப்பட்டார்கள், பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே ஏதோ ஒரு மருத்துவ நிலையத்துக்குப் போய்வந்திருந்தார்கள். அங்கே அவர்களுக்குச் சளிப் பரிசோதனை நடக்கவில்லை. இருமல் மருந்து பாட்டிலோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். நோயாளி வந்திருக்கிறார், மருத்துவம்தான் அவரைத் தவறவிட்டிருக்கிறது. வீடு தேடிப்போகும் செலவுமிக்க வேட்டையைவிட, நிலையத்துக்கு வரும் இருமல்காரருக்குச் சளிப் பரிசோதனை செய்வதே அறிவுடைமை என்ற தேசியத் திட்டத்தின் அடித்தளம் இப்படித்தான் உறுதிப்பட்டது. இதே காலத்தில், 1959இல், சென்னையின் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளில் வீட்டிலிருந்தே மருந்து எடுத்தவர்களும் சானடோரியத்தில் படுத்தவர்களுக்கு ஈடாகக் குணமடைவதைக் காட்டியது. ஏழையின் வீட்டை நோயின் கூடாரமாக மட்டும் கண்ட ஒரு தலைமுறை மருத்துவத்துக்கு அது பெரிய அதிர்ச்சி.

முப்பது ஆண்டுகள் கழித்து ஹைட்டியில் பால் ஃபார்மர் இதே கேள்வியை வேறு முனையிலிருந்து கேட்டார். அவரும் மருத்துவர், அவரும் மானிடவியலர். ஹார்வர்டில் இரண்டையும் சேர்த்துப் படித்தவர். காசநோய் சூனியத்தால் வருகிறது என்று நம்பும் ஏழை விவசாயி மருந்தைப் பாதியில் விட்டுவிடுவார் என்று அங்கும் சொன்னார்கள். ஃபார்மரின் குழு இரண்டு பகுதி நோயாளிகளை ஒப்பிட்டது. இரண்டு பக்கமும் மருந்து இலவசம். ஒரு பக்கத்தில் அதோடு உணவு, சிறு பண உதவி, வீடு தேடிவரும் ஊர் நலப்பணியாளர். உதவி பெற்றவர்கள் எல்லோரும் குணமடைந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர்தான். சூனிய நம்பிக்கை இருந்ததா இல்லையா என்பது இந்த வேறுபாட்டில் எந்தப் பங்கும் வகிக்கவில்லை. சூனியத்தை நம்பியவர்களும் மாத்திரையை விழுங்கினார்கள், சாப்பாடு இருந்தபோது. இந்தியா காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது 2018இல். நம் சுகாதார நிலையங்களில் மருந்தை விட்டவருக்குப் பேச்சுவழக்கில் இன்றும் 'டிஃபால்டர்' என்றே பெயர். அவர் அன்று என்ன சாப்பிட்டார், கூலியை விட்டுவிட்டு வர முடிந்ததா என்பதற்குப் படிவத்தில் எத்தனை கட்டங்கள் இருக்கின்றன?

தமிழ்ச் சூழலில், மக்களின் நம்பிக்கைதான் தடை என்ற பார்வை இவ்வளவு எளிதாகச் செல்லுபடியாவதற்கு ஒரு தனிக்காரணம் உண்டு. பகுத்தறிவு இயக்கம் இங்கே மூடநம்பிக்கைக்கு எதிராக நடத்திய போராட்டம் பெரியது, அதன் பயனை நாம் எல்லோரும் அனுபவிக்கிறோம். அந்தப் போராட்டம் கேள்வி கேட்டது அதிகாரத்தில் இருந்தவர்களை. அதே சொல் இன்று வெள்ளைக்கோட்டு அணிந்தவர் கையில், கேள்வி கேட்கமுடியாத ஏழையின் மீது எறியப்படும்போது அதன் திசை மாறிவிடுகிறது. மஞ்சள்காமாலைக்கு முதலில் நாட்டு வைத்தியரிடம் போனவரை அரசு மருத்துவமனையில் திட்டுகிறார்கள். அந்த மருத்துவமனையில் காலை ஏழு மணியிலிருந்து நிற்கவேண்டியிருக்கிறது என்பதும், நாட்டு வைத்தியர் மாலையில் வீட்டுத் திண்ணையிலேயே கிடைப்பார் என்பதும் பேச்சில் வருவதில்லை. மூடநம்பிக்கைக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: நம்பிக்கைதான் காரணம் என்று சான்றில்லாமல் நம்புவதும் ஒரு நம்பிக்கையே. பகுத்தறிவாளர் அதையும் சோதிக்கவேண்டும்.

2014இல் தொடங்கி 2016 வரை கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா 28,600க்கும் மேற்பட்டவர்களைத் தாக்கி 11,300க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது, மானிடவியலர்களைத் தேடி ஆளனுப்பினார்கள். அவசர காலத்தில் இவர்களுக்கு நேரம் ஏது என்று சொல்பவர்கள் இந்த வரலாற்றைக் கவனிக்கவேண்டும். தொடக்கத்தில் எல்லாப் பழியும் இறுதிச்சடங்கின் மீது விழுந்தது. பிணத்தைத் தொட்டுக் கழுவுவதால் நோய் பரவியது உண்மை. உடலைப் பையில் போட்டுக் குடும்பத்துக்குக் காட்டாமல் எடுத்துப்போனார்கள். மக்கள் நோயாளிகளை மறைக்கத் தொடங்கினார்கள். கினியில் வோமே என்ற ஊரில் 2014 செப்டம்பரில் எபோலா பற்றி விளக்கச் சென்ற குழுவினரில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அந்த நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் அடக்க விதிகளைத் திருத்தி, குடும்பம் பார்க்கவும் தொழவும் இடம்கொடுத்தது. இதைப் பண்பாட்டுத் தூதர் வேலை என்று மட்டும் சொல்லிவிடமுடியாது. சியரா லியோனில் பல பத்தாண்டுகள் வேலைசெய்த மானிடவியலர் பால் ரிச்சர்ட்ஸ் காட்டியது இன்னும் கனமானது: தொற்று எப்படிப் பரவுகிறது என்பதைக் கிராமத்தார் தாங்களே பார்த்துக் கற்றுக்கொண்டு, தாங்களே விதிகளை வகுத்துக்கொண்டார்கள் என்றார் அவர். இதற்கு முன்னும் சான்று இருந்தது. உகாண்டாவின் குலுவில் 2000-01இல் எபோலா வந்தபோது, அச்சோலி மக்களிடம் கொள்ளைநோய்க்கென்றே பழைய நடைமுறை இருப்பதை மானிடவியலர் பாரி ஹியூலெட் பதிவுசெய்தார். நோயாளியைத் தனிவீட்டில் வைப்பது, அந்த வீட்டைக் கழி நட்டு அடையாளப்படுத்துவது, நோயிலிருந்து பிழைத்த ஒருவரையே பராமரிக்க வைப்பது, ஊர்விட்டு ஊர் போகாதிருப்பது. தொற்றுநோய் மருத்துவரின் கையேடு சொல்வதும் ஏறத்தாழ இதுதான். மொழியும் உறவும் முன்பே இருந்தவர்களுக்குத்தான் அவசரத்தில் இவை கண்ணில் பட்டன. நேரமில்லாத நாளில் பயன்படும் அறிவை, நேரமிருக்கும் ஆண்டுகளில்தான் சம்பாதிக்கவேண்டும்.

இனி, குறும்பயிற்சி போதும் என்ற வாதம். இந்திய மருத்துவப் பாடத்திட்டத்தில் 2019 முதல் மனப்பான்மை, அறநெறி, தொடர்பாற்றல் பற்றிய பாடப்பகுதி இருக்கிறதே என்று சொல்கிறார்கள். இருப்பது நல்லது, அதை நான் குறைசொல்லவில்லை. நோயாளியிடம் முகம்பார்த்துப் பேசுவதைக் கற்றுக்கொடுப்பது வேறு, ஒரு நோய் எங்கே யாரால் உண்டாகிறது, எங்கே கைநழுவுகிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது வேறு. மருத்துவரும் மானிடவியலருமான ஆர்தர் கிளைன்மன், உங்கள் நோய்க்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள், அது உங்களுக்கு என்ன செய்கிறது, எதைக் கண்டு அதிகம் பயப்படுகிறீர்கள் என்பது போன்ற கேள்விகளை நோயாளியிடம் கேட்கும் முறையை வகுத்தவர். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் அந்தப் பண்பாட்டு அக்கறையை இந்த இனத்தார் இப்படி, அந்த இனத்தார் அப்படி என்ற பட்டியலாகச் சுருக்கின. 2006இல் அவரே அதைக் கண்டித்து எழுதினார். பண்பாடு என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் வறுமை கண்ணில் படாமல் போகும், மருத்துவத்துக்கும் ஒரு பண்பாடு இருப்பது மறந்துபோகும். குறும்பயிற்சி தருவது இந்தப் பட்டியலைத்தான். பட்டியல் கையில் இருப்பவர் கேட்பதை நிறுத்திவிடுகிறார்.

புள்ளியியல் படித்தவர்களின் மறுப்பு இதைவிட மதிக்கத்தக்கது: முப்பது பேரிடம் பேசிவிட்டு ஒரு நகரத்தைப் பற்றிச் சொல்லலாமா? சென்னையிலிருந்தே பதில் சொல்லலாம். சிறுநீரக விற்பனையால் வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்ற பெயர் வந்த காலத்தில், லாரன்ஸ் கோஹன் என்ற மானிடவியலர் சிறுநீரகம் விற்ற பெண்களைச் சந்தித்தார். அவர்கள் விற்றது கடனுக்காக. விற்றபின்னும் கடன் திரும்பிவந்தது. எந்தப் பகுதியில் பெண்கள் சிறுநீரகம் விற்பார்கள் என்று தெரிந்ததோ அங்கே கடன்கொடுத்தவர்களின் நெருக்குதல் கூடியது. உடலுறுப்பே அடமானப் பொருளாகிவிட்டது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே குடும்பக்கட்டுப்பாட்டு அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள் என்பதையும் அவர் கவனித்தார். கத்திக்கு உடலைக் கொடுத்து ஒரு நன்மை பெறும் பழக்கத்தை முதலில் அறிமுகப்படுத்தியது அரசின் திட்டம்தான். இந்தக் கட்டுரை 1999இல் வந்தது. 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் சென்னையின் 305 விற்பனையாளர்களைப் பற்றிய கணக்கெடுப்பு வந்தது: 96 விழுக்காட்டினர் கடனடைக்க விற்றவர்கள், அவர்களில் 74 விழுக்காட்டினர் இன்னும் கடனில் இருந்தார்கள், குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எண் தன் வேலையைச் செய்தது, அது இல்லாமல் கோஹன் சொன்னதன் பரப்பு தெரிந்திருக்காது. ஆனால் கடன் ஏன் தீரவில்லை என்பதை அந்த 74 மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்லமுடியாது. விருப்பத்தோடு விற்பவரிடம் வாங்கினால் என்ன தவறு என்று வாதிட்டவர்களுக்கு மெய்யான பதில் அந்த வட்டிக்காரரின் கணக்கில்தான் இருந்தது.

தமிழ்நாட்டின் பிரசவ வார்டு இன்று இப்படி ஒரு ஆய்வுக்காகக் காத்திருக்கிறது. 1990களில் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் களப்பணி செய்து 2003இல் நூல் வெளியிட்ட சிசிலியா வான் ஹாலன், ஏழைப் பெண்கள் அரசு மருத்துவமனையைத் தவிர்த்தால் அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று எழுதினார்: வசவு, கையூட்டு, பிரசவம் முடிந்த கையோடு கேட்காமலே வைக்கப்பட்ட கருத்தடைச் சாதனம். அதே பெண்கள் வலியைக் கூட்டும் ஊசியை விரும்பிக் கேட்டதையும் அவர் மறைக்கவில்லை. மருத்துவமனைக்கு வரச்செய்யும் போட்டியில் இந்த மாநிலம் வென்றுவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. அதே கணக்கெடுப்பில் அறுவைசிகிச்சைப் பிரசவம் 44.9 விழுக்காடு. இதற்குக் காரணம் பெண்களின் வலிதாங்காமை, நல்லநேரம் பார்க்கும் குடும்பம் என்று வழக்கமான விளக்கங்கள் தயாராக இருக்கின்றன. ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். இரவுப்பணியில் எத்தனை செவிலியர், மருத்துவர் மீது வழக்கு வந்தால் யார் துணைநிற்பார், தனியார் மருத்துவமனையில் கட்டணம் எதற்கு எவ்வளவு, முடிவெடுக்கும் அந்த அரைமணி நேரத்தில் யார் யாரிடம் என்ன சொல்கிறார் என்று வார்டுக்குள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தவரால்தான் இதில் எது எவ்வளவு என்று சொல்லமுடியும். எந்தப் படிவமும் இதைக் கேட்பதில்லை.

துறையின் குறைகளை நான் மறைக்க விரும்பவில்லை. மருத்துவ மானிடவியல் என்ற பெயரில் வரும் ஆய்வேடுகளில் கணிசமானவை, கலைச்சொல் அடர்ந்து, நோயாளி யாரென்றே தெரியாமல் முடிந்துவிடுகின்றன. காலனியத் தொப்புள்கொடியும் உண்மைதான். துறையின் முன்னோடிகளில் ஒருவரான டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்ஸ் மருத்துவர், நீலகிரியில் தோடர்களை ஆராய்ந்து 1906இல் நூல் எழுதியவர், ஆட்சியாளர்களின் பாதுகாப்போடுதான் அவர் அங்கே போனார். ஆனால் அவர் டாரஸ் நீரிணைத் தீவுகளில் வகுத்துத் தோடர்களிடம் விரிவாகக் கையாண்ட வம்சாவளி முறையின் வழிவந்த கருவிதான் குருவின் மரபணுக் கொள்கையைக் கவிழ்த்தது. கருவியைக் கைவிடுவதைவிட அதை நம் மாணவர்களின் கையில் கொடுப்பதே இதற்குப் பரிகாரம் என்று நினைக்கிறேன். பிரிட்டனில் லண்டனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் ஓராண்டு முதுகலை இருக்கிறது. சிறந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கடன்வாங்கிப் போகும் மாணவருக்கு அங்கே வாசிப்பு கிடைக்கும், ஓராண்டுக்குள் நீண்ட களப்பணி கிடைக்காது. தன் மொழி பேசும் மக்களிடையே ஆறுமாதம் களத்தில் இருக்கும் இரண்டாண்டுப் படிப்பு நமக்குத் தேவை. பானர்ஜி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சமூக மருத்துவ மையம்போல மருத்துவர்களும் சமூக அறிவியல் மாணவர்களும் ஒரே வகுப்பில் உட்காரவேண்டும். செவிலியர்களுக்கும் அங்கே இடம் வேண்டும்.

வேலை எங்கே என்ற கேள்விக்கு, இன்று குறைவுதான் என்பதே நேர்மையான பதில். இடம் இல்லாததால் வந்த குறைவு இல்லை இது. மருத்துவ ஆய்வுகளின் நெறிமுறைக் குழுக்களில் சமூக அறிவியலாளர் அல்லது மெய்யியலாளர் போன்ற ஒருவருக்கு விதிப்படியே இடம் உண்டு; களம் தெரிந்த ஒருவரைத் தேடி அங்கே உட்காரவைக்கலாம். காசநோய்த் திட்டத்துக்கு மாவட்டந்தோறும் மருந்து, நிதி, புள்ளிவிவரம் ஆகியவற்றுக்கு ஆள் இருக்கிறது. மருந்தை விட்டவர் ஏன் விட்டார் என்று கண்டறிய ஆள் இல்லை. தாய் இறப்புகளை ஒவ்வொன்றாக ஆராயும் வழக்கத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. அந்த ஆய்வுக் கூட்டத்தில் மகப்பேறு மருத்துவரும் மயக்க மருத்துவரும் சுகாதார அதிகாரிகளும் பேசுகிறார்கள், ரத்தக்கசிவு, ரத்த அழுத்தம், தாமதம் என்று காரணம் பதிவாகிறது. அந்தத் தாமதம் வீட்டில் நேர்ந்ததா, ஆம்புலன்ஸில் நேர்ந்ததா, ஒரு மருத்துவமனை இன்னொன்றுக்குத் தள்ளிவிட்டதில் நேர்ந்ததா என்பதைக் குடும்பத்திடமும், அன்றிரவு பணியில் இருந்த செவிலியரிடமும், வண்டி ஓட்டியவரிடமும் தனித்தனியே கேட்டு, அதிகாரிக்கு அஞ்சாமல் எழுதித்தர, களப்பணி கற்ற ஒருவரை மாவட்டத்துக்கு ஒருவராக முழுநேர ஊதியத்தில் அந்தக் கூட்டத்தில் உட்காரவைக்க அரசு ஆணை ஒன்று போதும்.